அம்மா முகம் விழாத நாலு ரோல்

கடலாடி வட்டம்
17-2-1987

அன்புத் தம்பி மருதுபாண்டிக்கு அண்ணன் கூத்தையா ஆசி கூறி எழுதும் கடிதம். இங்கு நானும் உன் மதினி பூமயிலும் மகள் ராமலெட்சுமியும் கருப்பணசாமி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கு உன் உடம்பும், ஆபரேசன் பண்ணின வயிற்றுத் தையலும், நீ பார்க்கிற வேலையும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டுகிறோம். அம்மாவைப் பற்றி முதல் வரியிலேயே எழுது, சுற்றி வளைக்காதே என்று சொல்லியிருந்தாய். எழுதிவிடுகிறேன். அவளுக்கு மூட்டுவலி அறவே நின்றுவிட்டது. மாத்திரை, தைலம் எதுவும் இப்போது வாங்குவதில்லை. போதுமா?

நிற்க. தை மாதத்தில் நீ போட்ட கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் முன்னாலேயே பிரித்து வாசித்துத் தொலைத்தேன். "நாலு ரோல், நூற்று நாற்பத்து நாலு படம், அதில் எங்கம்மா முகம் ஒன்றில்கூட இல்லையே, நீயெல்லாம் ஒரு அண்ணனா" என்று கேட்டிருக்கிறாய். அடுத்த கவரில் அம்மா முகம் தெளிவாகத் தெரிகிற போட்டோ ஒன்றாவது இல்லையென்றால், சித்திரை வரைக்கும் இருக்கிற ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை வைத்திருக்கிற அரபியிடம் சண்டை போட்டாவது கிளம்பி வந்துவிடுவேன் என்று மிரட்டியும் இருக்கிறாய். தம்பி, சவூதியில் சண்டை போட்டவன் எங்கே போவான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதம் பொறு. அதற்குள் உன் சந்தேகங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துவைக்கிறேன். இந்த விசயத்தில் என் பக்கம் தப்பு குறைவு. காற்று, தண்ணீர், பூசாரி, இன்னும் பெயர் தெரியாத பலபேர் என்று எல்லாரும் சேர்ந்து செய்த சதி இது. எனக்கும் இந்த ஆறு மாதமாக ராசியே இல்லை.

முதல் ரோலை எடுத்துக்கொள். லீவில் ஊருக்கு வந்த மதாரிடம் நீ கொடுத்துவிட்ட ஜப்பான் கேமரா ஆவணி பாதியில் வந்து சேர்ந்தது. நம் ஊருக்குள் முதன்முதலாக வருகிற கேமரா, கண்ணேறு பட்டுவிடக் கூடாதே என்று பூசாரியிடம் கொண்டுபோனேன். மதார் பெட்டியோடு பெட்டியாக ஆயிரம் புத்திமதி சொல்லித்தான் கொடுத்தார். கோயில் வாசல் வரைக்கும் கூடவே வந்து வெளியில் நின்று, "அண்ணே, முன்னாடி இருக்க கண்ணாடியில மட்டும் கைய வச்சிராதீக, வெரல் பட்டாலே கெட்டுரும்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பூசாரி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்தக் கண்ணா இருந்தா என்னப்பா, துன்னூறு பட்டாத்தான் துலங்கும்" என்று சொல்லி, திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, கட்டைவிரலால் கேமராவின் கண்ணில் நடுவாந்திரமாக ஒரு அழுத்து அழுத்தினார். நானும் பயபக்தியோடு அதைத் துடைக்காமல் முப்பத்தாறு படத்தையும் எடுத்து முடித்தேன். கழுவி வந்தபோது பார்த்தால் ஓரத்தில் ஆடு தெரிகிறது, புளியமரம் தெரிகிறது, என் சைக்கிளின் பின்சக்கரம் பளிச்சென்று தெரிகிறது. நடுவில் மட்டும் எல்லாப் படத்திலும் வெள்ளைப் புகை. அம்மாவை மரியாதையாக நடுவில் உட்கார வைத்தது என் குற்றமா? நீயே சொல்.

இரண்டாவது ரோல் ராமேஸ்வரம் ரோல். இதில் நீ கேட்டிருக்கிற கேள்வி ஒன்றிரண்டு அல்ல. அண்ணன் ஏன் மொட்டை, மீசை எங்கே, மதினி ஏன் பூ வைக்கவில்லை, எல்லார் முகமும் ஏன் இழவு வீட்டு முகமாக இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன். மொட்டை போட்டது மழைக்காக. விதைப்புக்கு முன்னால் முடியைக் கொடுத்தால் சாமி மனம் இரங்கும் என்று போட்டேன். முடி போனதுதான் கண்டது, மழை சாயல்குடிப் பக்கமாகவே போய்விட்டது, மிளகாய் நாற்று முழங்காலுக்குக்கூட எழும்பவில்லை. மீசை நான் கொடுத்தது இல்லை. நாவிதருக்குக் கை நடுங்கி ஒரு பக்கம் போய்விட்டது. ஒற்றை மீசையோடு பாம்பன் பாலத்தைத் தாண்ட வேண்டாம் என்று மறுபக்கத்தையும் நானே எடுக்கச் சொல்லிவிட்டேன். பூ வாடிவிட்டது. முகத்தைப் பற்றிக் கேட்டால், பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்த ஊர்தலில் ராமலெட்சுமி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், அப்புறம் எங்கிருந்து சிரிப்பு வரும்.

அம்மா எங்கே என்பதுதானே பெரிய கேள்வி. அக்கினி தீர்த்தத்தில் இறங்கியவள் கரையேறவேயில்லை தம்பி. நாங்கள் ஈரத்தோடு மணலில் நிற்கிறோம், கேமராவை ஒரு வடநாட்டு யாத்திரைக்காரர் கையில் கொடுத்தாகிவிட்டது, அவர் நம் பாஷை தெரியாமல் என்னை இடுப்போடு வெட்டி எடுக்கிறார். நான் கடலைப் பார்த்து, "அம்மா, ஏறி வா, படம் எடுக்கணும்" என்று கத்துகிறேன். "ஏலே, நீ எடுத்துக்கிட்டு இரு. நான் இன்னும் ரெண்டு முங்கு முங்கிட்டு வாரேன்" என்கிறாள். அலைச் சத்தத்தில் அதற்குமேல் கேட்கவில்லை. நீ அந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார். என் தோளுக்கு மேலே, தூரத்தில், தண்ணீரில் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். அதுதான் அம்மா. அப்படியே நினைத்துக்கொள்.

மூன்றாவது தேவிபட்டினம் ரோல். இதில் அம்மா இருக்கிறாள், நீயே ஒத்துக்கொண்டிருக்கிறாய், ஆனால் அவள் ஏன் முதுகைக் காட்டுகிறாள் என்று கேட்டிருக்கிறாய். புரட்டாசி அமாவாசைக் கூட்டம் அது. கடலுக்குள் ஒன்பது கல்லையும் சுற்றுகிறவர்கள் கரையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அங்கே ஒருவர் சொன்னார். நவக்கிரகத்துக்கு முன்னால் போய் நின்று கேமராவுக்குப் பல்லைக் காட்டினால் சனீஸ்வரன் சும்மா விடுவாரா? அடுத்ததாக, அம்மா எப்படி ஒரு முழம் வளர்ந்துவிட்டாள் என்று கேட்டிருக்கிறாய். தண்ணீருக்குள் ஒரு கல் கிடந்தது, அதன்மேல் ஏறி நிற்கிறாள். சேலை அவளுடைய அரக்குச் சுங்குடிதான், அதை நீயே அடையாளம் கண்டுபிடித்துவிட்டாய். சேலையை நம்புகிறவன் ஆளை நம்ப மாட்டேன் என்றால் நான் என்ன செய்வது.

நாலாவது ரோல் பொங்கல். ஒப்புக்கொள்கிறேன், இதில் தப்பு முழுக்க என்னுடையது. நம் வீட்டுப் பானை எங்கே, வாசலில் கோலம் எங்கே, ஏன் எல்லாப் படமும் பக்கத்து வீட்டுப் பானையாக இருக்கிறது என்று கேட்டாய். அவர்கள் பானை முதலில் பொங்கியது. பழகிப் பார்ப்போம் என்று அதை எடுக்க ஆரம்பித்தேன். பொங்கி வழிகிறதை எடுத்தேன், அவர்கள் குலவை போடுகிறதை எடுத்தேன், கரும்பை எடுத்தேன், மாட்டை எடுத்தேன், மாடு என்னை முட்ட வந்ததையும் எடுத்தேன். நம் வாசலுக்கு வரும்போது ரோல் தீர்ந்துவிட்டது. நம் வீட்டில் இந்தத் தடவை சுருக்கமாகத்தான் முடித்துக்கொண்டோம். ராமலெட்சுமி மட்டும் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு வரமாட்டேன் என்று அழுதாள்.

இவ்வளவுக்கும் பிறகு உன் கடிதம் வந்ததும் நான் சும்மா இருந்துவிடவில்லை. இன்று காலை முதல் பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கே போய்விட்டேன். நமக்கு ரோல் கழுவித் தருகிற நெய்னா முகம்மதுவின் ஸ்டூடியோவில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். பின்னால் ஒரு படுதாவில் அரண்மனை மாடிப்படியும் இரண்டு வாத்தும் எழுதியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்ததுமே பிகு பண்ண ஆரம்பித்துவிட்டாள். "இம்புட்டு உசரப் படியில யாரு ஏறுறது? எனக்கு முழங்காலு ஏலாது" என்றாள். வலி நின்ற பிறகும் வாய் நிற்கவில்லை பார்.

"ஏற வேணாம் ஆத்தா, அது சும்மா துணி. நீங்க நாக்காலியில உக்காந்தாப் போதும்" என்றார் நெய்னா.

"வாத்து கடிக்குமா?"

"அதுவும் துணிதான் ஆத்தா."

"எல்லாமே துணின்னா என்னையும் துணியிலயே எழுதிக் குடுத்துற வேண்டியதுதான, எதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ்ஸுல இழுத்தாந்தீக?"

நெய்னாவுக்குப் பொறுமை அதிகம். விளக்கைத் திருப்பி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "ஆத்தா, இங்கிட்டுப் பாருங்க, லேசாச் சிரிங்க" என்றார். அம்மா அவரை முறைத்தாள். "எதுக்குச் சிரிக்கணும்? எம் புள்ள வந்துட்டானா? வரட்டும், வந்தாச் சிரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அதே நேரத்தில் வெளிச்சம் வெட்டியது. படத்தில் நாற்காலி விழுந்திருக்கிறது, வாத்து இரண்டும் விழுந்திருக்கின்றன. இதற்குமேல் ஒரு மனிதன் என்ன முயற்சி செய்ய முடியும் மருது? எனக்கு அலுத்துவிட்டது. கேமராவைப் பழைய துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டுவிட்டேன்.

ஆகவே கோபப்படாமல் சித்திரை வரைக்கும் இரு. இதை எழுதும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஏலே மருது, எம் மூஞ்சியில என்ன தங்கமா ஒட்டியிருக்கு, இந்தப் பாடு படுறீக? நேரத்துக்குச் சாப்புடு. வெயில்ல தலையில துணி கட்டிக்க. கோவிச்சுக்கிட்டு வேலைய விட்டுட்டு ஓடியாராத. நான் எங்க போயிறப் போறேன்." கேட்டுக்கொண்டாயா? பெற்றவள் சொல்லைத் தட்டாதே.

கருப்பணசாமி உன் தலைமாட்டில் காவல் நிற்கட்டும், திருப்புல்லாணிப் பெருமாள் உன் வயிற்றுப் புண்ணை ஆற்றட்டும். மதினி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ராமலெட்சுமி சித்தப்பாவுக்கு ஒரு முத்தம் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு உன் நலம் ஒன்றையே நினைத்திருக்கும் அண்ணன்,
கூத்தையா

பி.கு: ஒட்டுவதற்கு முன்னால் மேலே உள்ளதை உன் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். எப்போதும் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள், நடுநடுவே ஒன்றிரண்டு திருத்தமும் சொல்வாள். இன்றைக்கு அம்மா நாற்காலியை விட்டு எழுந்து போகிற இடம் வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "இத ஒட்டி அனுப்புனீகன்னா இனி இந்த வீட்டுல நான் உலை வைக்க மாட்டேன். கொழுந்தன் கேக்குறது பெத்தவ முகத்த. நீங்க வாத்துக் கதை சொல்லிக்கிட்டு இருக்கீக" என்று சொல்லி அழுதாள். அதனால் எழுதுகிறேன். மேலே உள்ளதை அடித்துவிட்டுப் புதிதாக எழுத எனக்குத் தெம்பில்லை, அது கிடக்கட்டும்.

மருது, அம்மா ஆவணி மூன்றாம் தேதி போய்விட்டாள். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தாள். வண்டி பூட்டுவதற்குள் முடிந்துவிட்டது. நீ ஆபரேசன் ஆகிப் படுத்திருக்கிறாய் என்று முந்தின நாள்தான் எங்களுக்குக் கடிதம் வந்திருந்தது. தந்தி வேண்டாம், தையல் பிரிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நான்தான் தடுத்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை. நீ ஆசையாக அனுப்பிய கேமரா பதினோராம் நாள் வந்தது. மதார் வாசலில் விசயம் தெரிந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். உனக்குச் சொல்லக் கூடாது என்று அவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பூசாரி திருநீறு பூசியது மட்டும் உண்மை. கருமாதி முடிந்ததும் கொண்டுபோனேன். நடுவில் புகையாக விழுந்த அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் இப்படிச் சொல்லிச் சமாளிக்கலாம் என்ற புத்தி எனக்கு வந்தது. ராமேஸ்வரத்துக்குப் போனது அவள் அஸ்தியைக் கரைக்க. தேவிபட்டினத்தில் பிண்டம் வைத்தோம். அங்கே சேலை கட்டித் திரும்பி நின்றது என் மாமியார் பஞ்சம்மாள். செத்தவள் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்க வைத்துவிட்டாயே என்று அவள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. இந்த வருசம் நமக்குப் பொங்கல் கிடையாது. அம்மா சொன்னதாக ஆறு மாதமாக எழுதியதெல்லாம் நான் எழுதியது. எழுதிவிட்டு வாசித்தால் அவள் பேசுகிற மாதிரியே இருக்கும். உன்னை ஏமாற்ற மட்டும் அதை எழுதவில்லை, அவள் பேச்சு எனக்கும் வேண்டியிருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. நம் வகையறாவில் தாய்க்குக் கொள்ளி வைக்கிறவன் கடைசிப் பிள்ளை. அய்யாவுக்கு நான் வைத்தேன், அம்மாவுக்கு நீ வைக்க வேண்டும். மயானத்தில் "இளையவன் எங்கப்பா?" என்று கேட்டார்கள். கொள்ளியை நான் வாங்கி வைத்துவிட்டேன். சாவையாவது எப்போதோ சொல்லியிருப்பேன் மருது. உனக்கு உரியதை நான் எடுத்துக்கொண்டதைத்தான் சொல்ல முடியவில்லை. நீ வந்து என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நெய்னா முகம்மது ஸ்டூடியோவுக்கு அம்மா போனதேயில்லை, அவள் போன அன்றைக்கு அவர்தான் நம் வீட்டுக்கு வந்தார். அவள் படம் என்று ஒன்றுகூட இல்லையே என்று ஆள் அனுப்பிக் கூட்டிவந்தோம். அம்மாவைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, நாங்கள் சுற்றி நின்றோம். பந்தல் நிழலில் வெளிச்சம் பத்தாது, கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வேண்டும் என்றார். பழக்கத்தில், "யாரும் அசையாதீக, ஆத்தா, நீங்களும்" என்று சொல்லிவிட்டு, கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. நாங்கள் அழுதுகொண்டே நின்றதில் எங்கள் முகமெல்லாம் அசைந்து கலங்கிப் போயிருக்கிறது. அம்மா முகம் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. நீ கேட்டது அதைத்தான். தனிக் கவரில் போட்டு ஒட்டி இதற்குள் வைத்திருக்கிறேன். உடனே பிரிக்காதே. அறையில் உன்னோடு இருக்கிறவர்கள் வேலை முடிந்து வரட்டும், அவர்களில் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரி.